பரிந்துரைக்குக் கொடுத்த பெயர்

பிப்ரவரி 3

அன்புள்ள பம்பரத்துக்கு,

"இருபத்து நாலு வருஷமா ஒரே கம்பெனியில எப்படிடீ உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன், அப்போதும் தெரியவில்லை. எம்.பி.ஏ. முடித்தபோது, ஐந்து வருடத்தில் என்ன ஆகப்போகிறோம் என்று நம் வகுப்பில் எல்லோரும் எழுதிக் கொடுத்தோமே, நான் என்ன எழுதினேன் என்பதே நினைவில்லை. பெயிண்ட் கம்பெனியின் கொள்முதல் பிரிவு என்று நிச்சயம் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த மருத்துவமனை வேலைக்குப் பரிந்துரை கேட்டால் என் பெயரைத் தாராளமாகக் கொடு. எட்டு மாதமாக வேலையில்லாமல் இருப்பது உனக்கு ஆகவில்லை. ஒரே பக்கத்தை மூன்று நிறப் பேனாவால் எழுதியிருக்கிறாய்.

அன்புடன்,
ஆணி

பிப்ரவரி 9

அடி ஆணி,

ஹாஸ்டல் பெயரை நீ இன்னும் விடவில்லை, நானும் விடவில்லை. கேள், கடைசிச் சுற்றில் நானும் இன்னொருவரும்தான். அவர்களுக்கும் கொள்முதலுக்குத்தான் ஒரு தலைமை வேண்டுமாம். நாற்பத்தெட்டு வயதில், ஏழாவது வேலையாக, இதைவிட நல்லது எனக்கு வராது. இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வாரம் வேறோர் இடத்தில் என் மகள் வயதுப் பெண் ஒருத்தி, "உங்களுக்கு எக்ஸெல் வருமா மேடம்?" என்றாள். சிரித்து வைத்தேன்.

உன்னைக் கூப்பிடுவார்கள். உண்மையைச் சொல்லுடீ. உன் வழக்கப்படி முழுசாகச் சொல்லித் தொலைக்காதே.

உன்,
பம்பரம்

பிப்ரவரி 17

அன்புள்ள பம்பரத்துக்கு,

நேற்று மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். "இவங்க எத்தனை நாள் நிலைச்சு இருப்பாங்க?" என்றார் அந்த அதிகாரி. "எடுத்த வேலை முடியற வரைக்கும் உயிரைக் கொடுப்பா. முடிஞ்சப்புறம் ஒரு நாள்கூட இருக்க மாட்டா" என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். மறுமுனையில் அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்ட பிறகுதான் உறைத்தது.

இதோடு போயிருந்தால் மன்னிப்புக் கேட்டு நிறுத்தியிருப்பேன். "நீங்க அங்க எத்தனை வருஷமா இருக்கீங்க மேடம்?" என்றார். சொன்னேன். "உங்க பயோடேட்டா அனுப்ப முடியுமா?"

முடியாது என்று நான் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் யாருமே என்னை வா என்று கூப்பிட்டதில்லை. மாலையே அனுப்பிவிட்டேன். மார்ச் இரண்டு, காலை பத்தரைக்கு வரச்சொல்லி இன்று பதிலும் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார முடியவில்லை. மதியத்துக்குள் நான்கு முறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஆணி

பிப்ரவரி 23

ஆணி,

எனக்கு இல்லை என்று மெயில் வந்தது. 'நீண்டகாலம் நிலைத்திருப்பவரை எதிர்பார்க்கிறோம்.' அது யார் வாயிலிருந்து போனது என்று உன் கடிதம் வந்த பிறகு புரிந்தது.

போக வேண்டுமென்றால் போ. வேண்டாமென்றால் இரு. என்னிடம் அனுமதி மட்டும் கேட்காதே. அதைக் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் அழுவது?

மார்ச் 1

அன்புள்ள பம்பரத்துக்கு,

கையெழுத்துக்கூடப் போடவில்லை நீ.

நான் போகப்போவதில்லை. மூன்று நாள் யோசித்து எடுத்த முடிவு. உன்னைத் தள்ளிவிட்ட இடத்தில் என்னால் உட்கார முடியாது. நாளைக் காலை முதல் வேலையாகப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடுவேன். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று நிறுவனங்களில் உன்னைப் பற்றிச் சொல்லி வைக்கிறேன். இந்த முறை வாயை அடக்கிப் பேசுவேன்.

அன்புடன்,
ஆணி

மார்ச் 2, மாலை

இதைத் தபாலில் போடாமல் கைப்பையிலேயே வைத்திருந்தேன். காலையில் போன் செய்யவில்லை. பத்து மணிக்கே அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் பேசினார்கள். வேலை எனக்கு என்றார்கள். சரி என்றேன். மேலே எழுதியதைக் கிழிக்கப் போவதில்லை. எழுதும்போது அது உண்மை.

மூன்று மணிக்கு ராஜினாமாவைக் கொடுத்தேன். மேலாளர், "கடைசி நாள் என்னிக்கு?" என்று மட்டும் கேட்டார். ஐந்து மணிக்கு உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ ஒன்றும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. கடைசியில் நான்தான் வைத்தேன்.