பாதிரியார் எடுத்த ஓட்டம்

யூலை 12, ஞாயிறு

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் மலருக்கு, நூற்றைம்பது வருடத்துக்கு முன் அங்கே கிரிக்கெட்டைக் கொண்டுவந்த ஆங்கிலேயப் பாதிரியாரைப் பற்றி எழுதுவது என் பொறுப்பு. முதல் ஆட்டத்திலேயே அவர் நூறு அடித்தார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மண்டபத்தில் தொங்கிய அவர் படத்தைத் தொடாமல் எவனும் மட்டையோடு மைதானத்தில் இறங்கியதில்லை. பதினெட்டு வயதில், கல்லூரிக்காக ஆடிய என் கடைசி ஆட்டத்தில் நானும் தொட்டேன். முதல் பந்திலேயே ஸ்டம்ப் பறந்தது. படத்தைப் பார்க்கக் கூசி, அதன்பிறகு அந்த மண்டபத்துக்குள் நான் போகவேயில்லை.

இன்று, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஸ்காபரோவில் மலர்க்குழு கூடியது. பாதிரியார் தன் தங்கைக்கு எழுதிய கடிதத்தின் பிரதி ஒரு நூலகத்திலிருந்து எனக்கு வந்திருந்தது. வாசித்துக் காட்டினேன். “முதல் ஆட்டத்தில் நான் ஓட்டமே எடுக்கவில்லை, பையன்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்” என்று எழுதியிருந்தார்.

தலைவர் குணம் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். “உந்தக் கதையை எழுதாதையும் தம்பி. நூறு எண்டே இருக்கட்டும்.”

“அவரே எழுதின கடிதம் அண்ணை.”

“ஓம். ஆனா அந்தப் படத்தைத் தொட்டிட்டுப் போய்த்தானே நான் எழுபது அடிச்சனான்.”

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். குணம் அண்ணைக்கு நூறு அடித்தவர் வேண்டும். எனக்கு, ஓட்டமே எடுக்காமல் சிரித்தவர்தான் வேண்டும். பதினெட்டு வயதில் அவரைத் தெரிந்திருந்தால், அன்று நேரே மண்டபத்துக்குள் போய் அவர் முன்னால் நின்று நானும் சிரித்திருப்பேன்.