பதினொன்று நாற்பதின் சிரிப்பு

மார்ச் 4, செவ்வாய்

தலைக்கு மேல் வேலை. நேற்று மதியம் மூன்று மணிக்கு ஒரு கிடங்கில் தீ. உள்ளே இருந்த இருவர் செத்துப்போனார்கள். கேமராப் பதிவு ஒன்று கிடைத்தது: வாசலில் வாட்ச்மேன் போனில் பேசியபடி சிரிக்கிறார். நான்கு நொடி. ‘இது போதும், நாற்பது நொடி எடிட் பண்ணிக் குடு’ என்றார் செய்தி ஆசிரியர். பின்னணிக் குரலுக்கு அவரே ஒரு வரி எழுதினார்: ‘இருவர் உள்ளே கருகிக்கொண்டிருந்தபோது, வாசலில்...’ அதோடு நிறுத்தம். மிச்சத்தைச் சிரிப்பு சொல்லும்.

முன்னால் தீயை வைத்தேன், பின்னால் அழுகிற பெண்ணை. அடியில் மெல்ல ஒரு வயலின். கீழே எழுத்துப் பட்டி: ‘காவலா, கேலியா?’ கேள்விக்குறி போட்டுவிட்டால் யாரும் வழக்குப் போட முடியாதாம். எங்கள் தொழிலில் அதுதான் ஹெல்மெட்.

நன்றாக வந்திருக்கிறது. பொய் சொல்வானேன், எனக்கே பிடித்திருந்தது.

மார்ச் 5

ஊரே பார்த்திருக்கிறது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘படுபாவி, எப்படிச் சிரிக்கிறான் பாரு’ என்றாள். வெட்டி ஒட்டியது நான்தான் என்று வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 6

பட்டி இல்லாத பிரதி கேட்டார்கள். பட்டியை எடுத்தேன். அது மறைத்திருந்த இடத்தில் கேமராவின் நேரம் — காலை 11:40.

தீ மூன்று மணிக்கு.

முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஓரத்தைப் பார்க்கவில்லை. ஆசிரியரிடம் ஓடினேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. ‘மூணு மணிக்குச் சிரிச்சாருன்னு நாம எங்கயாவது சொன்னோமா?’

சொல்லவில்லைதான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. படமும் நிஜம், தீயும் நிஜம், அந்த அழுகையும் நிஜம். அப்போ பொய் எங்க இருக்கு? ஒட்டுன இடத்துல இருக்கு. ஒட்டுனது யாரு? எதிர்த்து ஒரு வார்த்தை பேசுனேனா? இல்ல. அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் கைதட்டுனாங்க, பல்ல இளிச்சுக்கிட்டு நின்னேன்.

மார்ச் 12

வாட்ச்மேனை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

மார்ச் 19

அவர் மகள் அலுவலகத்துக்கு வந்தாள். வரவேற்பறையில் இரண்டு மணி நேரம். ஆசிரியர் நழுவிவிட்டார், என்னை அனுப்பினார்கள். கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை. அன்று காலை போன் செய்தது அவள்தானாம். மூன்றாவது முயற்சியில் டிரைவிங் டெஸ்ட்டில் தேறியிருந்தாள். அதற்குத்தான் அப்பா சிரித்தாராம். தீப்பிடித்ததும் பின்கதவை உடைக்கப் போய், வலது கை வெந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் கேமரா எரிந்துபோனது. அவர் ஓடியதற்குப் படமில்லை.

போகும்போது கேட்டாள்: ‘அந்த வயலின் இல்லாம ஒரே ஒரு தடவை போடுவீங்களா? எங்கப்பா அதுல எப்படி இருக்காருன்னு பாக்கணும்.’

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அனுமதி இல்லை என்றேன்.

ஏப்ரல் 2

முழுப் பதிவையும், தீ விபத்தை விசாரிக்கப் போட்டிருக்கும் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பெயர் போடாமல். கோழை.

ஏப்ரல் 28

அவர் மேல் தப்பில்லை என்று குழு சொல்லிவிட்டது. நாங்களும் திருத்தம் வெளியிட்டோம் — வானிலைச் செய்தியின் அடியில் ஓடும் எழுத்தாக, ஒரே ஒரு முறை. படமில்லை, குரலில்லை. நான் தேடிப் பார்த்தேன். எனக்கே பாதிதான் படிக்கக் கிடைத்தது.

மே 3, சனி

எங்கள் குடியிருப்புக்கு வாட்ச்மேன் தேவை என்று எழுதிப் போட்டிருந்தார்கள். சங்கத்தில் அம்மாதான் செயலாளர். சாப்பிடும்போது சொன்னாள், இன்று ஒருவர் வந்தாராம், கையில் தழும்பு. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டதாம். வாசலோடு அனுப்பிவிட்டாள்.

அவர் மேல் தப்பில்லையென்று ஆகிவிட்டது, அந்தச் சிரிப்பு காலையில் சிரித்தது என்றேன்.

‘நீ என்னத்தக் கண்ட? நான் என் கண்ணால பாத்தேன்.’

‘அத எடிட் பண்ணதே நான்தாம்மா.’

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் சொன்னேன்.

‘நீயா? அந்த வயலின் எல்லாம் நீயா வச்ச?’ முகம் மலர்ந்துவிட்டது. ‘சொல்லவே இல்லியேடி. எப்படி அழ வச்சுட்ட.’

பிறகு தன் தங்கைக்கு போன் போட்டுச் சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து வேறொரு வாட்ச்மேன் வருகிறாராம்.