ஆள் இல்லாத வீட்டில் இருப்பவன்

17, பெல்லோஸ் தெரு,
ஹால்ஸ்டன், ஓஹையோ.
ஏப்ரல் 3

அன்பு மகள் ரெனீட்டாவுக்கு,

அப்பா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் பாஸ்டன் குளிரில் சளி கிளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் உன் குரல் என்னைச் சுருக்கமாகச் செய்தி சொல்லச் சொன்னது. இது சுருக்கமாகச் சொல்லக்கூடிய செய்தி இல்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நம் வீட்டை இடிக்கப் போகிறார்கள். அதில் யாரும் குடியில்லையாம்.

முன்கதவில் நோட்டீஸ் ஒட்டிப் பதினொரு நாள் எனக்குத் தெரியாது. முன்படி உளுத்துப் போனதிலிருந்து நான் பக்கவாசல் வழியாகத்தான் போய் வருகிறேன். தச்சன் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று ஒரு வருடமாக இழுத்தடிக்கிறான். பக்கத்து வீட்டு டெல்ஃபீன்தான் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கத்தினாள். "என்ன ஆல்வின், உன் வீட்ல யாருமே இல்லையாமே! அப்ப போன வாரம் எங்கிட்ட ஏணி வாங்கிட்டுப் போனது யாரு, பேயா?" நானும் சிரித்தேன். போய்ப் படித்துப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நகராட்சிக்குப் போனேன். இருபத்தாறு வருடம் நான் ஓட்டிய அதே தடத்துப் பஸ்ஸில்தான். கவுன்ட்டரில் இருந்த பெண் நல்ல பெண்தான், அதுதான் எரிச்சல். கத்தவும் முடியவில்லை. "சார், சிஸ்டம்ல காலி வீடுன்னு இருக்கு" என்றாள். "நான் அங்கதாம்மா இருக்கேன், இன்னிக்குக் காலையில அங்கதான் முட்டை பொரிச்சுத் தின்னேன்" என்றேன். ஆதாரம் கேட்டாள். தண்ணீர் பில்லும் கேஸ் பில்லும் காட்டினேன். எல்லாம் உன் அம்மா பெயரில். பத்திரமும் அவள் பெயரில்தான். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். மனசு வரவில்லை. "இறந்தவங்க பேர்ல இருக்கே சார், அதனாலதான் காலின்னு காட்டுது." "செத்தவ பேருக்குப் பில்லு வருது, கட்டுறவன் உயிரோட முன்னாடி நிக்கிறேனேம்மா!" ஓட்டுநர் உரிமத்தை நீட்டினேன். அதில் பழைய வாடகை வீட்டு முகவரி. முழங்கால் போன பிறகு காரைத் தொடவே இல்லை, அதைப் புதுப்பிக்கவும் இல்லை.

இது நகராட்சியின் முடிவு இல்லை, பல்கலைக்கழக ஆய்வு என்று சொல்லி, தடியான ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தாள். அட்டையில் உன் பெயர். எனக்குப் பெருமையாக இருந்தது ரெனீட்டா, அந்த நிமிடத்திலும். "இது எம் பொண்ணு எழுதினது" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்ப அவங்களுக்கே தெரிஞ்சிருக்குமே சார்" என்றாள்.

புத்தகத்தை அங்கேயே உட்கார்ந்து படித்தேன். இரண்டு பேர் காரில் மெதுவாகப் போவார்கள், இறங்க மாட்டார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் நிரப்புவார்கள். முன்வாசலில் நடமாட்டம் இல்லை. தபால் பெட்டி இல்லை. ஜன்னலில் பிளாஸ்டிக். போதும், காலி வீடு! தபால் பெட்டியைக் குடிகாரன் ஒருவன் காரை ஏற்றிச் சாய்த்துவிட்டான். நான் தபாலாபீஸிலேயே வாங்கிக்கொள்கிறேன். ஜன்னலில் பிளாஸ்டிக் ஒட்டாமல் ஓஹையோவில் யார் குளிர்காலத்தைத் தள்ளுகிறார்கள்? இதையெல்லாம் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே.

இன்னொரு கூத்து. எதிரே தீப்பிடித்த வீடு இருக்கிறதே, கூரை பாதி இல்லாதது, அது உன் புத்தகத்தில் ஆள் இருக்கும் வீடு. தெரு பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று டெல்ஃபீன் அதன் புல்லை வெட்டி, வாசலில் பூந்தொட்டி வைத்திருக்கிறாள். அதை இடிக்கச் சொல்லி நாங்கள் நாலு மனு போட்டிருக்கிறோம். "நான் உனக்கும் சேத்துப் புல்லு வெட்டியிருக்கணும்" என்று அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன். இனி எழுதப் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை. கவுன்ட்டர் பெண் எடுத்துக் காட்டிய கோப்பில் நம் வீட்டுப் படம் இருந்தது, போன நவம்பரில் எடுத்தது. பக்கவாசல் அருகே குப்பை வாளியோடு ஒரு ஆள் நிற்கிறான், ஒரு கையைத் தூக்கி. அது நான். அந்தக் காரைப் பார்த்துக் கை காட்டினேன், அவர்களும் காட்டினார்கள், எனக்கு நினைவிருக்கிறது. படத்தில் என் முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். மக்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காம். கீழே "அத்துமீறி நுழைந்தவராக இருக்கலாம்" என்று ஒரு குறிப்பு. ஆள் இருக்கும் படங்களை மட்டும் ஆய்வுத் தலைவர் தாமே பார்த்து ஒப்புதல் தருவாராம். ஓரத்தில் ஆர்.பி. என்று உன் எழுத்து. ஆர் எழுத்தின் வாலை நீ எட்டு வயதிலிருந்தே அப்படித்தான் இழுப்பாய்.

உனக்காக நானே வக்கீலாகி யோசித்துப் பார்த்தேன். படத்தில் முகவரி இல்லை, வெறும் எண்தான். நீ இந்த வீட்டுக்கு இரண்டு முறைதான் வந்திருக்கிறாய், இரண்டு முறையும் எல்லாம் பனிக்கு அடியில் இருந்தது. ஆயிரக்கணக்கான படங்கள். எல்லாம் சரி. ஆனால் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். முகம் இல்லாவிட்டால் என்ன, நான் நிற்கிற நிற்பு தெரியாதா உனக்கு?

முப்பது வருட வாடகைக்குப் பிறகு உன் அம்மா வாங்கிய வீடு இது. யாரிடமும் கேட்க வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே சமையலறைக்கு மஞ்சள் அடித்தாள். அதை இழந்தால் நான் திரும்பவும் வாடகை அறைக்குப் போக வேண்டியதுதான். போக மாட்டேன். புல்டோசர் வந்தால் அந்த மஞ்சள் சுவருக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு விசாரணை. குடும்பத்தில் ஒருவர் நேரில் வந்து என்னை அடையாளம் காட்டினால் நோட்டீஸைத் திரும்பப் பெறுவார்களாம். கடிதம் செல்லாது, போன் செல்லாது. டெல்ஃபீன் வருகிறேன் என்றாள். அவள் உறவு இல்லை என்று சொல்லி நகராட்சியில் மறுத்துவிட்டார்கள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பைக் கொடுக்கட்டும். உன் புத்தகம் இன்னும் பத்து ஊருக்குப் போகட்டும், போகும் ஊரிலெல்லாம் கதவைத் தட்டட்டும். நீ எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தக் கவுன்ட்டரில் என் பக்கத்தில் நின்று, என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு, நான் யார் என்று அவர்களிடம் சொல்.

உன் அப்பா,
ஆல்வின் பியூரிஃபாய்