ஒரே செம்பு, இரண்டு தண்ணீர்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சேறு, செருப்பு வார் அறுந்தது.

லேப். மூன்று நாள் முன்பு பாசிக் குடுவைகளில் செம்புக் கரைசல் விட்டிருந்தேன், பாசி சாக வேண்டிய அளவு. ஒன்றும் சாகவில்லை. பச்சைப் பசேல். கைடு சார் எட்டிப் பார்த்து, "எடை போட்டீங்களா, கண்ணால பாத்துப் போட்டீங்களா?" கோபம் வந்தது. எடை சரி.

தண்ணீர்தான் காரணமோ? காய்ச்சி வடிக்கும் மெஷினில் சுண்ணாம்பு அடைத்துவிட்டதால் போர் தண்ணீரிலேயே வளர்த்தேன். சாரிடம் சொல்லவில்லை. மறுபடி: மொட்டை மாடி மழைநீர் ஒன்று, போர் தண்ணீர் ஒன்று. அதே பாசி, அதே உரம், அதே செம்பு.

வாங்க: செருப்பு, ஃபில்டர் பேப்பர், இஞ்சி.

நவ. 7, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

போர் தண்ணீர்: பச்சை. மழைநீர்: வெளுத்துப்போச்சு! மைக்ரோஸ்கோப்பில் நிறம் போன வெறும் கூடுகள். செம்பு ஒரு சொட்டுகூட அதிகமில்லை. சுண்ணாம்பு நிறைந்த போர் தண்ணீரில் அது கார்பனேட்டோடு சேர்ந்துவிடுகிறது, பாசிக்குள் நுழைய முடியாது. மழைநீரில் தனி ஆள். மூட்டை முடிச்சோடு வந்தவர் படியில் திணற, வெறுங்கையோடு வந்தவர் பஸ்ஸில் ஏறிவிடுவாரே, அப்படி. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான். கண்ணால் பார்ப்பது வேறு. கடவுளே, கண்ணுக்கே தெரியாத உயிர், அதற்கும் ஒரு வாசல். சாரும் வெகுநேரம் லென்ஸை விட்டு எழவில்லை. பிறகு, "போர் தண்ணின்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" அசடு வழிந்தேன்.

சாயங்காலம் மேரி அக்கா போன், ஏலாக்குறிச்சியிலிருந்து. மீன் குளத்தில் பாசி ஏறிவிட்டதாம். "நாளைக்கு மயில்துத்தம் போடப் போறேன். துணியில கட்டித் தண்ணியில இழுத்தா சரியாப் போயிடும்."

மயில்துத்தமும் செம்புதான். போன வருஷம்வரை குளத்துக்குப் போர் தண்ணீர். மோட்டார் எரிந்து கிடப்பதால் இந்த வருஷம் முழுக்க மழைத்தண்ணீர்.

"அக்கா, போடாத. மீனு செத்துரும்."

"மூணு வருஷமாப் போடறேன், ஒண்ணு செத்துச்சா? லேப்புல ஒக்காந்துட்டு எனக்குச் சொல்ல வந்துட்டா." வைத்துவிட்டாள்.

நவ. 8, சனி

முதல் பஸ். அரியலூரில் மாறினேன். ஜன்னலோர சீட், சாரல், முழங்கை ஈரம்.

குளக்கரையில் துணி மூட்டை தயார், கம்பில் கட்டி. நல்லவேளை, இன்னும் இறக்கவில்லை. கிறிஸ்துமசுக்குப் பிடிக்க வளர்த்த கெண்டை அத்தனையும் உள்ளே. அக்கா முறைத்தாள். "ரெண்டு வாளி குடு, அப்புறம் திட்டு" என்றேன்.

ஒன்றில் பக்கத்து வீட்டுப் போர் தண்ணீர், இன்னொன்றில் குளத்துத் தண்ணீர். இரண்டிலும் அவள் வழக்கமாகப் போடும் கணக்குக்குத் துத்தம். மூன்று மூன்று மீன் குஞ்சு. காத்திருந்தோம். இட்லி தந்தாள்.

பதினொரு மணி. போர் வாளி மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. குளத்து வாளியில் மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அக்கா சட்டென்று கையை விட்டு மூன்றையும் அள்ளி அடுத்த வாளியில் போட்டாள். ஒன்று புரண்டு மிதந்தது.

"ஒரே துத்தந்தானேடி..."

"ஒரே துத்தந்தான்க்கா."

கம்பிலிருந்து மூட்டையை அவிழ்த்தாள். பச்சையாகக் கிடந்த குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாசி இருந்துட்டுப் போவட்டும்டி."