சட்டைப் பையில் ஒன்பது டிகிரி

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டிய இடம் இது. அதைக் கெடுக்கப் பார்த்தவனே நான் என்பதால் கேட்க வாய் வரவில்லை. போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள். உன் தலையணை உறையைத் துவைக்கவே விடமாட்டேன் என்கிறாள். சமையலறைக் குழாயை நானே கழற்றிச் சரிசெய்தேன். முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ பயிற்சிக்குப் போன இந்த நாலு மாதத்தில், அங்கே உனக்கு வேலை சொல்லித்தரும் அந்த நெட்டையார் வராத கடிதம் ஒன்றுகூட நீ எழுதவில்லை. நெட்டையார் மேசையை எப்படி ஒழுங்காக வைத்துக்கொள்கிறார், நெட்டையார் எதற்குச் சிரித்தார், எந்தப் பழுதும் நெட்டையாருக்கு எப்படிச் சட்டென்று பிடிபடுகிறது. போன கடிதத்தில் என்னைப் பற்றி இரண்டே வரி. அதில் ஒன்று, வண்டிக்குக் காற்று அடிக்கச் சொல்லி. எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்பாய். ஆமாம், பொறாமைதான்.

செவ்வாய்க்கிழமை உங்கள் பட்டறையில் பழுது பார்த்த பெட்டி ஒன்று எங்களிடம் வந்தது. விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று விமானிக்குச் சொல்லும் பெட்டி. அதன் அட்டையில் இரண்டு கையெழுத்து. நெட்டையாருடையது பெரிதாக, பக்கத்திலேயே உன்னுடையது. அவர் இழுத்த கோடு உன் முதல் எழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தள்ளிப் போட அட்டையில் இடமா இல்லை? அந்த நிமிஷமே பெட்டியில் ஏதாவது குறை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இரும்போ காந்தமோ பக்கத்தில் இருந்தால் பெட்டி திசையைத் தப்பாகக் காட்டும் என்பதால், திசைச் சோதனைக்கு முன் சாவி, கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் மரத்தட்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது நம் பட்டறை வழக்கம். அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்ததே நீதான். தலையில் ஊசி குத்தியிருந்ததற்காக ஒரு பெண்ணை நான் திட்டியதும் உனக்கு நினைவிருக்கும். அன்றும் எல்லாவற்றையும் போட்டேன். நீ ஊருக்குப் போகும்போது கொடுத்த சின்ன டார்ச்சை மட்டும் போடவில்லை. இரும்பில் ஒட்டிக்கொள்வதற்காக அடியில் காந்தம் வைத்தது. அன்றிலிருந்து அது என் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

எண்ணைப் படிக்கக் குனிந்தேன். திசை ஒன்பது டிகிரி நகர்ந்தது. திரும்பவே இல்லை என்றது பெட்டிக்குள் சுழன்று திருப்பத்தை அளக்கும் கைரோ. திரும்பியாகிவிட்டது என்றது வடக்கைப் பார்த்துச் சொல்லும் காந்த சென்சார். பெட்டி என்ன செய்யுமோ அதைச் செய்தது. சென்சார் பேச்சை ஒதுக்கி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, கைரோவை மட்டும் வைத்துக்கொண்டு ஓடியது. அப்படிக் கொஞ்ச நேரம் ஓடலாம். பிறகு திசை மெல்ல மெல்ல விலகும். விமானி வேறு திசைகாட்டியைப் பார்த்துக் கையால் திருத்தினால்தான் உண்டு.

இது எனக்குத் தெரியாததா? ஆனால் அன்று என் கண்ணில் பட்டது எச்சரிக்கை விளக்கு மட்டும்தான். மாட்டினான் என்று மனசு துள்ளியது. கவனமில்லாமல் சோதித்து அனுப்பியிருக்கிறார்கள் என்று எழுதி, மாலைக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அட்டையில் உன் கையெழுத்தும் இருந்தது. அடுத்த வாரம் உனக்குத் தேர்வு. அந்தப் புகார் போனால் உன்னைத் தேர்வில் உட்கார விடமாட்டார்கள் என்பதும் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன். இதை எழுதத்தான் மூன்று தாளைக் கிழித்தேன்.

மறுநாள் தலைமை ஆய்வாளர் அம்மா பெட்டியைத் திரும்பச் சோதித்தார். ஒரு பிசகும் இல்லை. நேற்று நின்ற இடத்தில் நின்று காட்டச் சொன்னார். நின்றேன், குனிந்தேன், அதே ஒன்பது டிகிரி. என் சட்டைப் பையைப் பார்த்தார். “பெட்டி பொய் சொல்லலைங்க. உங்க பையில இருந்ததைத்தான் சொல்லியிருக்கு” என்றார்.

புகாரை நிறுத்தலாம் என்று தலைமை அலுவலகத்தைப் போனில் பிடித்தேன். அதற்குள் உங்கள் பட்டறையிலிருந்து பதில் வந்துவிட்டதாம். தவறு முழுவதும் தன்னுடையது, பயிற்சிக்கு வந்தவர் பக்கத்தில் நின்றதோடு சரி, அவருடைய தேர்வில் கை வைக்க வேண்டாம் என்று நெட்டையார் எழுதியிருக்கிறார். எனக்கு நன்றியுணர்வு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. செய்யாத தவறை உனக்காக ஒருத்தர் தலையில் போட்டுக்கொண்டார். செய்தவன் உன் புருஷன்.

புகாரைத் திரும்பப் பெற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். டார்ச் கதையை மட்டும்தான் எழுதினேன். பாதி உண்மை அறிக்கை ஆகாது என்று ஆய்வாளர் அம்மா தாளைத் திருப்பித் தந்துவிட்டார். ஏன் அவசரப்பட்டேன் என்பதையும் சேர்த்து எழுதினேன். ஆக, என் பொறாமை இப்போது அலுவலகக் கோப்பில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு எந்தச் சோதனைத் தாளிலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது. உன் தேர்வு சொன்ன தேதியில் நடக்கும். அவர் மீதும் நடவடிக்கை ஒன்றும் இல்லை. அவருக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். அதில் நெட்டையார் என்று எழுதிவிடமாட்டேன், பயப்படாதே.

டார்ச்சை வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். பை காலியாக இருக்கிறது. கை மட்டும் அங்கேயே போய்ப் போய்த் தேடுகிறது.

நாலு மாதமாக நானும் கைரோவை மட்டும் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறேன். எந்தப் பக்கம் எவ்வளவு விலகிப் போயிருக்கிறேன் என்று நீ பார்த்துச் சொன்னால்தான் தெரியும். திட்டி எழுது. அவரைப் பற்றியே நாலு பக்கம் எழுதினாலும் சரி, எழுது. தேர்வை நன்றாக எழுதி, நல்லபடியாக முடித்து, வீட்டுக்கு வா.

கையெழுத்துப் போடும் உரிமை இப்போது இல்லாததால், போடாமல்,
பாப்பாவின் அப்பா