புட்டிப்பாலும் பாலூட்டியும்

ஜூலை 8, திங்கள்
முப்பத்தாறு பிள்ளைகள், ஐந்து தட்டுகள், நாற்பது படங்கள். பாலூட்டி, பறவை, ஊர்வன, இருவாழ்வி, மீன் என்று பிரித்துப் போடச் சொன்னேன். திமிங்கலம் மீன் தட்டில். வௌவால் பறவைத் தட்டில். ஆமையை ஒருத்தன் தன் பைக்குள் போட்டுக்கொண்டான் – பிடித்திருக்கிறதாம். தொண்டை கட்டியதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை என் வகுப்பைப் பார்க்க வருகிறார். அவர் எழுதித் தருவதை வைத்துத்தான் என்னை நிரந்தரமாக்குவார்கள்.

ஜூலை 9
மறுபடியும் வௌவால். "றெக்கை இருக்கே டீச்சர்." இருக்கிறதுதான், என்ன செய்ய? "குட்டிக்குப் பால் குடுக்கறது பாலூட்டி, அவ்வளவுதான்" என்று ஒரே போடாகப் போட்டேன். முன்பெஞ்சில் எழுந்தாள், நான் பட்டாசு என்று கூப்பிடுகிறவள்.
"எங்கம்மா தம்பிக்குப் புட்டிப்பால்தான் குடுக்கறாங்க. அப்ப எங்கம்மா பாலூட்டி இல்லையா?"
வகுப்பே சிரித்தது. "இல்லை, போதுமா? உக்காரு" என்றேன். பாடத்தை முடிக்க வேண்டாமா?

ஜூலை 10
"புலியப் பாத்தா புலின்னு தெரிஞ்சா போதாதா இந்த வயசுக்கு?" என்றார் கணவர். பாத்திரத்தைச் சத்தமாக வைத்தேன்.

ஜூலை 11
பட்டாசின் அம்மா வந்திருந்தார், இடுப்பில் கைக்குழந்தையோடு. சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். குரலே எழவில்லை அவருக்கு.
"நீ பாலூட்டி இல்லையாம்மான்னு கேக்கறா. டீச்சரே சொன்னாங்களாம். எனக்குப் பால் ஊறல, டீச்சர். ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்தாச்சு. மாமியார் ஏற்கெனவே குத்திக் காட்டறாங்க. இப்ப இவளும்..."
ஏதோ உளறினேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.
சொன்னேனா? சொன்னேன். அவ வாயை அடைக்கத்தானே சொன்னேன் – நான் சொன்னா அவளுக்கு அது வேதவாக்குன்னு எனக்குத் தெரியாதா? இரண்டு நாளாக நமத்துக் கிடக்கிறாள். வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று நான் நிம்மதிப்பட்டிருக்கிறேன். சீ.

ஜூலை 12, வெள்ளி
தலைமையாசிரியை கடைசி பெஞ்சில், கையில் நோட்டு. இன்றைக்குத் தவளை நடத்தியிருக்க வேண்டும். "செவ்வாய்க்கிழமை டீச்சர் தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். கறக்காத மாடும் மாடுதான் என்று வாய்வரை வந்ததை, நல்லவேளை, விழுங்கினேன்.
"பாலூட்டிக்கு முடி இருக்கும்னு படிச்சோம். அப்ப வழுக்கைத் தலை தாத்தா?" என்று வகுப்பைக் கேட்டேன்.
"அவரும் பாலூட்டிதான்!"
"புட்டிப்பால் குடுக்கிற அம்மாவும் அப்படித்தான். கூட்டத்தைப் பாத்துத்தான் பேர் வைக்கறோம், ஒவ்வொருத்தரா சோதிச்சு இல்ல."
மணி அடித்துவிட்டது. தவளை அப்படியே. பட்டாசு நிமிரவே இல்லை.

ஜூலை 15
அறிக்கை வந்தது. 'திட்டமிட்ட பாடம் நடத்தப்படவில்லை. மாணவர் முன் தவறை ஒப்புக்கொண்டது தேவையற்றது.' இன்னும் ஆறு மாதம் தற்காலிகம். எரிச்சலில் அழுகைகூட வரவில்லை.

ஜூலை 17
தவளையை ஒருவழியாகத் தொடங்கினேன். தண்ணீரிலும் இருக்கும், தரையிலும் இருக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள் முன்பெஞ்சில் ஒரு கை.
"அப்ப நீச்சல் தெரிஞ்ச எங்க மாமா எதுல சேருவாரு, டீச்சர்?"
சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.