‘ரெஸ்ட்’ எழுதிய மார்ச்

மார்ச் 3, திங்கள்

இன்று அலுவலகக் கழிப்பறையில் தூங்கிவிட்டேன். எழுதியாயிற்று, இனி மானம் போனால் போகட்டும். மூடியைக் கவிழ்த்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காரலாம் என்றுதான் போனேன். காவலாளி கதவைத் தட்டி, “மேடம், உயிரோட இருக்கீங்களா?” என்று கேட்டபோது வெளியே ஒரு வரிசையே நின்றது. எங்கள் அகராதி அலுவலகத்துக்கே ஒரு கழிப்பறைதான். வரிசையில் முதல் ஆள் தலைமைப் பதிப்பாசிரியர். எதைக் கொடுத்தாலும் பாதியை வெட்டுவதால் நாங்கள் வைத்த பெயர் கத்தரி.

கத்தரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மதியம் என் மேசைக்கு வந்து, “ஆர் வரிசையில உங்களுக்கு ‘ரெஸ்ட்’. மாசக் கடைசிக்குள்ள எழுதிக் கொடுங்க” என்றுவிட்டுப் போனார்.

எதிர் மேசைக்காரி எதையும் நம்பாதவள். அவளுக்குப் பட்டப்பெயர் சந்தேகம். “அக்கா, இது தண்டனையா, கிண்டலா?”

“ரெண்டுமாத்தான் இருக்கும். அவரு எந்த வார்த்தையைத்தான் ஒரே அர்த்தத்தோட விட்டிருக்காரு?”

ஒன்று மட்டும் சொல்வேன். ரெஸ்ட் ரூம் என்ற பெயருக்கு நியாயம் செய்த ஒரே பெண்மணி நான்தான்.

மார்ச் 4, செவ்வாய்

நம் பேச்சில் ஒட்டிக்கொண்ட ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி செய்கிறோம். சொல்லின் பூர்வீகத்தைப் பெரிய புத்தகங்களில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்துக்காட்டு வாக்கியம் யாரோ ஒருவர் வாயிலிருந்து நிஜமாகவே விழுந்திருக்க வேண்டும். விழுந்ததைச் சீட்டில் பிடித்து, சொன்னவர் யார் என்று எழுத வேண்டும். நாமே கட்டிய வாக்கியத்தைக் கத்தரி மோப்பம் பிடித்துவிடுவார்.

வாக்கியத்துக்கா பஞ்சம்? வீட்டில் ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டு அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“நான் ரெஸ்ட்ல இருக்கேன்.” முதல் சீட்டு. சொன்னவர்: என் கணவர், பேருந்து ஓட்டுநர்.

ஜனவரியில் அவருக்கு மாரடைப்பு. முதலில் ரெஸ்ட் எடுக்கச் சொன்ன டாக்டரேதான் போன மாதம், “போதும், எழுந்து நடங்க. இல்லன்னா இருக்கிற தெம்பும் போயிடும்” என்றார். முதலாவது காதில் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

அவர் கட்சி இது: “இருபத்தெட்டு வருஷம் உக்காந்தே வண்டி ஓட்டினேன், ஒண்ணும் ஆகல. அன்னிக்கு இறங்கி நாலு அடி நடந்தேன், விழுந்தேன். எது ஆபத்து, நீயே சொல்லு.”

இந்த மாதம் 28ஆம் தேதி பணிமனையில் மருத்துவப் பரிசோதனை. நடக்கவைப்பார்களாம், மாடி ஏறவைப்பார்களாம். தேறாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை போனால்கூடப் போகட்டும் — இந்த மனிதர் இப்படியே கிடந்துவிட்டால்?

மார்ச் 6, வியாழன்

‘ரெஸ்ட்’ ஒரு சொல் இல்லை. ஒரே மாதிரிச் சட்டை போட்ட வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள்.

மூத்தது, ஓய்வு. வட ஐரோப்பியக் குளிர்தேசத்துப் பழைய சொல். அதன் பங்காளி மொழிகளில் இதே சொல்லுக்கு ஒரு தூரம் என்றும் பொருள் இருந்திருக்கிறது. எவ்வளவு நடந்தபின் உட்காரத் தோன்றுமோ, அவ்வளவு தூரம். ஆக அந்தக் காலத்தில் நடக்காதவனுக்கு ரெஸ்டே கிடையாது. இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

“அவங்க ஊர்ல குளிரு. நடந்தாத்தான் சூடு. எனக்குப் போர்வை இருக்கு.”

இரண்டாவது, மிச்சம். இது லத்தீன் வீட்டுப் பிள்ளை. பின்தங்கி நிற்பது என்று அர்த்தம். எல்லோரும் போனபின் நிற்பது எதுவோ, அது. பாத்திரம் தேய்க்கும் இடத்தில் நின்றுகொண்டு இதை யோசித்தேன். ஆக, ஓய்வு அவருக்கு. மிச்சம் எனக்கு.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். கையில் ஆப்பிள், வாயில் அறிவுரை.

“அண்ணி, அண்ணன் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும். நட நடன்னு நச்சரிக்காதீங்க.” (இரண்டாவது சீட்டு. கோபத்திலும் தொழிலை விடவில்லை.)

“டாக்டர் சொல்றாரும்மா, நான் சொல்லல.”

“டாக்டருக்கு என்ன, அவரு அண்ணனா தம்பியா?”

என் கணவர் ஆப்பிளைக் கடித்தபடி, டென்னிஸ் பார்ப்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினார். அந்தக் கழுத்துக்கு மட்டும் நல்ல உடற்பயிற்சி.

அவள் போனதும் போர்வையைப் பிடித்து இழுத்தேன். கத்தினேன். எந்திரிங்க, எந்திரிங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது, நான் என்ன அலாரமா, எனக்கும் முதுகு இருக்கு, எனக்கும் வலிக்கும்னு — என்னென்னவோ கத்தினேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: “நடந்து, செத்துட்டா?”

போர்வையைத் திரும்பப் போர்த்திவிட்டேன்.

மார்ச் 12, புதன்

இன்று நடக்கச் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

மார்ச் 15, சனி

‘ரெஸ்ட்’டில் மூன்றாவது ஒன்றும் அகப்பட்டது. அந்தக்காலப் போர்வீரன் மார்க்கவசத்தில் ஈட்டியைத் தாங்க ஒரு கொக்கி. அதற்கும் ரெஸ்ட் என்றே பெயர். ‘அரெஸ்ட்’ என்ற சொல்லின் தலையில் இருந்த ‘அ’ உதிர்ந்து வந்தது. மிகவும் பெருமையாகக் கத்தரியிடம் கொண்டுபோனேன்.

“நம்ம ஆளுங்கள்ல யாரு ஈட்டியோட அலையறா?”

“யாருமில்ல சார்.”

“வெட்டுங்க.”

இசையில் வரும் ரெஸ்ட்டை மட்டும் விட்டுவைத்தார். அங்கே அது வாசிக்காமல் இருக்கும் இடம். ஆனால் அதையும் தாளத்தோடு எண்ண வேண்டும். எங்கள் வீட்டு மௌனமும் அந்த வகைதான். இந்த மூன்று நாளாக நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை, இருவரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு என் சீட்டுகளைப் புரட்டினார். “இதென்ன, எல்லாம் ஒரே கட்டிலைச் சுத்தியே இருக்கு? வீட்டை விட்டு வெளிய போங்க மேடம். நாலு வாய் வேணும்.”

மார்ச் 18, செவ்வாய்

இது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே நடக்கும்.

மாலை, தெருமுனை சலவைக்கடைக்குத் துணி வாங்கப் போனேன். கடைக்காரர் வாய் ஓயாதவர். நாலு வாய்க்குச் சமம். “ரெஸ்ட்னு ஒரு வார்த்தை வர்ற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்” என்றேன்.

“என்னத்தச் சொல்றது? உங்க வீட்டு சாரே தெனம் காலையில பூங்கா வரைக்கும் நடந்துட்டு வந்து, இந்த பெஞ்சிலதானே ரெஸ்ட் எடுத்துட்டுப் போறாரு.”

“அருமை! இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

மெதுவாகச் சொன்னார். எழுதினேன். தேதி போட்டேன். ‘சொன்னவர்: சலவைக்கடைக்காரர்’ என்றும் குறித்தேன். நன்றி சொல்லி, துணிமூட்டையோடு எங்கள் வாசல்வரை வந்துவிட்டேன். சாவியைத் துளையில் நுழைக்கும்போதுதான் உறைத்தது — உங்க வீட்டு சார்.

உள்ளே உங்க வீட்டு சார் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். கட்டிலருகே நின்று சீட்டை வாசித்துக் காட்டினேன்.

போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். “அந்தாளுக்கு வாயே அடங்காது.”

“எத்தனை நாளா?”

“நீ சொல்றத நிறுத்தினியே, அதுக்கு மறுநாள்லேருந்து. நீ வேலைக்குக் கிளம்பினதும்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“உன் எதிர்ல நடந்தா நீ என் காலையா பாப்ப? மூஞ்சியப் பாப்ப, நெஞ்சுக்குக் கை போகுதான்னு. உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு அடுத்த அட்டாக் வந்துரும்போல இருக்கு.”

“அப்ப சாயங்காலம் இப்படிக் கிடக்கிறது?”

“அது நிஜமாவே களைப்பு. நடந்திருக்கேன்ல.”

மார்ச் 19, புதன்

கோபம். சமைக்கவில்லை. ரொட்டியும் ஜாமும். அவர் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். கண்றாவி. குடித்தேன். என் மூஞ்சி அப்படியா இருக்கிறது? கண்ணாடியில் பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை.

மார்ச் 24, திங்கள்

‘ரெஸ்ட்’ தேறிவிட்டது. சலவைக்கடை வாக்கியம் கத்தரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “உயிர் இருக்கு. யாரு இந்த சாரு?”

“தெரியல சார். யாரோ சோம்பேறி.”

எதிரே சந்தேகம் கண்ணைச் சுருக்கினாள். அவளிடம் எதுவும் நிற்காது. நாளைக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும்.

மாலை இருவருமாக நடந்தோம். மூஞ்சியைப் பார்க்கக் கூடாது என்று அவர் நிபந்தனை. நல்ல பிள்ளையாகக் குனிந்து அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு போனேன். விளக்குக் கம்பத்தில் மோதிக்கொண்டேன். ஜனவரிக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது இன்றுதான். சிரிக்கும்போது கை நெஞ்சுக்குப் போகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். போகவில்லை.

மார்ச் 28, வெள்ளி

விடுப்பு போட்டுவிட்டுக் கூடவே போனேன். பணிமனை மருத்துவ அறை மாடியில் இருக்கிறது என்று நினைத்து நேற்று முழுக்க எங்கள் குடியிருப்புப் படிகளில் ஏறி இறங்கிப் பார்த்தார். அது தரைத்தளத்திலேயே இருந்தது. அவர் உள்ளே போனார். நான் வெளியே நாற்காலி நுனியில்.

நகத்தைக் கடிக்க ஆரம்பிப்பதற்குள் வந்துவிட்டார். தேறிவிட்டார். திங்கட்கிழமை முதல் வண்டி.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். “எவ்வளவு தூரம் நடக்க விட்டாங்க?”

“நடக்க விடல.”

“மாடி?”

“அதுவுமில்ல. உக்காருங்கன்னாங்க. ஒரு கண்ண மூடிக்கிட்டு, சுவத்துல மாட்டியிருந்த எழுத்தப் படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க.”